ஆற்றுப் பூச்சிகளும் கோமுகிப் பாசனமும்

பூச்சி என்றதும் குடியானவர் மனத்தில் முதலில் தோன்றுவது சேதமே. கரும்பில் இடைக்கணுப் புழு, நெல்லில் குருத்துப் பூச்சி, 2018-ஆம் ஆண்டில் இந்நாட்டிற் புகுந்து மக்காச்சோளத்தை வருத்திவரும் படைப்புழு ஆகியவற்றோடு போராடிப் பழகியவருக்கு, பூச்சி இல்லாத இடமே நல்ல இடம் என்ற எண்ணம் உண்டாவது இயல்பு. இவ்வெண்ணம் வேரூன்றியதற்கு விவசாய இலாகாவும் ஓரளவு காரணம் என்று கூறலாம். சென்னை ராஜதானியின் பூச்சிநூல் நிபுணராயிருந்த பிளெட்சர் துரை 1914-இல் வெளியிட்ட பெரு நூலும், 1940-இல் டி. வி. ராமகிருஷ்ண ஐயர் இயற்றிய கைநூலும், பயிருக்கும் பண்டத்துக்கும் பகையான பூச்சிகளையே முதன்மையாக எடுத்துக் கூறின. அன்றைய தேவை அது. ஆனால் ஓடும் நீரைப் பொறுத்தவரை விஷயம் நேர் மாறானது. பூச்சியே இல்லாத ஆறு நோயுற்ற ஆறாகும். அந்நோய் எத்தகையது, எங்கே தொடங்கிற்று, எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை, அவ்வாற்றில் எஞ்சியுள்ள பூச்சிகளைக் கொண்டே அறிந்துகொள்ளலாம். இதனைக் கச்சிராயபாளையம் வட்டாரத்துப் பாசனதாரர்களும் கிராம அலுவலர்களும் தெரிந்துகொள்வது அவசியம்.

கல்வராயன் மலையில் சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி உயரமும், பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி உயரமும் உள்ளவை. இம்மலையின் கிழக்குச் சரிவில் கல்படை, பொட்டியம், பரங்கிநத்தம் முதலிய ஊர்களை ஒட்டி இறங்கி வரும் ஓடைகள் ஒன்று கூடிக் கோமுகி ஆறாகின்றன. மலையைவிட்டு ஆறு சமதரையில் இறங்கும் இடத்தில், கச்சிராயபாளையத்தை அடுத்து, 1960-களில் கோமுகி அணை கட்டப்பட்டது. அணையின் முழு உயரம் 46 அடி. நீர்க்கொள்ளளவு சுமார் 560 மில்லியன் கன அடி. இதனை நம்பிப் பத்தாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் சாகுபடியாகிறது. அணையைக் கடந்த ஆறு கள்ளக்குறிச்சி வழியே சென்று மணிமுத்தா நதியிற் கலந்து, பின் வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகிறது. அணையில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதைத் தினந்தோறும் கேட்டறியும் விவசாயிகள், அந்நீர் எத்தகையது என்பதை அவ்வளவாக விசாரிப்பதில்லை. அளவுகோலில் எழுதப்பட்ட அடிக்கணக்கு எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. நீரின் குணமோ கல்லுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது.

கல்லுக்கு அடியில் என்பது அணி நயத்துக்காகச் சொன்னதன்று. மலையோடையில் முழங்கால் அளவு நீர் சலசலத்து ஓடும் இடத்தில், தேங்காய் அளவுள்ள கல் ஒன்றை மெதுவாகத் திருப்பிப் பார்ப்பவர்கள், அதன் அடிப்புறத்தில் சில சிற்றுயிர்கள் தட்டையாக ஒட்டிக்கொண்டு நாற்புறமும் விரைந்து ஒதுங்குவதைக் காணலாம். பின்புறம் மூன்று மெல்லிய வால் இழைகளும், வயிற்றின் இருமருங்கிலும் இலை போன்ற செவுள்களும் உடையவை, பெரும்பாலும் ஒருநாட்பூச்சியின் இளம் பருவத்தினவாகும். இரண்டே வால் இழைகளும், கால் ஒவ்வொன்றின் நுனியிலும் இரண்டு நகங்களும், மார்பின் அடியில் பஞ்சு போன்ற செவுளும் உடையது கற்பூச்சி. மணலையும் இலைத் துணுக்கையும் தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் ஒட்டிக் குழாய் போன்ற கூடு கட்டிக்கொண்டு, அதற்குள் இருந்தபடியே நகர்ந்து செல்லும் புழு ஒன்று உண்டு. மேனாட்டார் இதன் இனத்தைக் கேடிஸ் என்பர். அவ்வினத்திலேயே சில, கூடு சுமந்து திரியாமல், கற்களின் இடுக்கில் சிலந்தியைப் போல் வலை கட்டி, ஓடும் நீர் கொண்டுவரும் துகள்களை வடிகட்டி உண்கின்றன. தட்டானின் இளம் பருவமும் இங்கேயே வளர்வதுதான். அது முகத்தின் அடியில் மடித்து வைத்திருக்கும் கொக்கியை நீட்டி இரையைப் பற்றும் வேகம் வியக்கத்தக்கது.

ஒருநாட்பூச்சியைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். இதனை ஈசலோடு சிலர் மயங்குவர். ஈசல் கறையானின் இறகு முளைத்த பருவம். ஒருநாட்பூச்சியோ முற்றிலும் வேறான, மிகப் பழமையான இனம். முட்டையிலிருந்து வெளிவந்தது முதல் சில வாரங்களோ பல மாதங்களோ நீருக்குள்ளேயே இருந்து, பலமுறை தோலுரித்து வளர்ந்து, ஒரு மாலை வேளையில் நீரைவிட்டு மேலெழுகிறது. அப்பொழுது இறகுகள் மங்கலாக இருக்கும். இறகு முளைத்த பின்னரும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி இவ்வுலகில் இது ஒன்றே. இரண்டாம் முறை தோலுரித்தபின் இறகுகள் கண்ணாடிபோல் தெளிவடையும். இப்பருவத்தில் அதற்கு உண்பதற்கேற்ற வாய் இல்லை. கூடிப் பறந்து, இணைந்து, நீரில் முட்டையிட்டு, சில மணி நேரத்திலோ இரண்டொரு நாளிலோ மடிகிறது. ஆகவே இப்பூச்சியின் வாழ்நாளில் மிகப் பெரும்பகுதி நீருக்குள்ளேயே கழிகிறது. அவ்வளவு காலமும் ஆற்றில் என்ன கலந்தாலும் அதனை இது அனுபவித்தே தீரவேண்டும். ஓடித் தப்ப இடமில்லை.

இங்கேதான் இப்பூச்சிகளின் பிரயோஜனம் விளங்குகிறது. ஒரு சீசாவில் ஆற்றுநீரை மொண்டு ரசாயனசாலைக்கு அனுப்பினால், அந்த நிமிஷத்தில் அந்த இடத்தில் நீர் எப்படி இருந்தது என்று தெரியவரும். முந்தின இரவு யாரோ கழிவைத் திறந்துவிட்டு, விடிவதற்குள் அது ஓடிப்போயிருந்தால், சீசாவில் ஒன்றும் அகப்படாது. ஆனால் கல்லின் அடியில் இருந்த பூச்சிகள் மாண்டிருக்கும். மாண்ட இடம் மறுபடியும் நிரம்ப வாரங்களோ மாதங்களோ ஆகலாம். கணக்குப் பிள்ளை எழுதாமல் விட்ட வரவு செலவும் இந்தக் குறிப்பேட்டில் ஏறிவிடுகிறது.

இவ்விஷயத்தை முதன்முதலில் ஒழுங்குபடுத்தியவர்கள் ஜெர்மானியர்களான கோல்க்விட்ஸ், மார்ஸன் என்னும் இருவர். சாக்கடை நீர் கலந்த ஆற்றில் எந்தெந்த உயிர்கள் எந்தெந்தத் தூரத்தில் வாழ்கின்றன என்பதை 1902-ஆம் ஆண்டு முதல் வகுத்துக் காட்டினர். இங்கிலாந்தில் 1976-இல் அமைந்த ஒரு குழு, நீர்ப்பூச்சிக் குடும்பங்களுக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் கொடுக்கும் எளிய முறையைக் கண்டது. அழுக்கை அணுவளவும் பொறுக்காத குடும்பத்துக்குப் பத்து. எந்த அழுக்கிலும் வாழக்கூடியதற்கு ஒன்று. அதனை யமுனை நதி போன்ற இந்திய ஆறுகளுக்கு ஏற்பத் திருத்தி, சுத்தமான நீர் முதல் மிகவும் கெட்ட நீர் வரை ஐந்து வகுப்பாகப் பிரிக்கும் முறையை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு அடிகோலியவர்களில் மதுரைக் கல்லூரியில் விலங்கியல் துறையிலிருந்த கே. ஜி. சிவராமகிருஷ்ணன் முக்கியமானவர். தம் ஆராய்ச்சியின் முற்பகுதியில் அவர் எடுத்துக்கொண்டது, உலகில் மிகச் சிலரே கவனித்த ஒருநாட்பூச்சி இனத்தை. குற்றாலத்து ஓடைகளில் கிடைத்த ஒருவகைப் பூச்சி அதுவரை அறியப்பட்ட எந்தப் பிரிவிலும் அடங்காதிருக்கவே, 1984-இல் அதற்குப் புதிய பேரினம் ஒன்றை வகுத்து, இனப் பெயரில் குற்றாலத்தின் பெயரையே அமைத்தார். மறு வருஷம் எட்மண்ட்சுலா என்ற மற்றொரு பேரினத்தையும் வெளியிட்டார். அருவியில் நீராட ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர் வந்து போகும் குற்றாலத்தில், ஒருவர் கண்ணிலும் படாதிருந்த ஓர் உயிர், கல்லைத் திருப்பிப் பார்த்த ஒருவருக்குத் தென்பட்டது.

இவ்வகை ஆராய்ச்சியில் இறங்கும் இளைஞர்கள் படும் சிரமம் வெளியே தெரிவதில்லை. பெரும்பாலான ஒருநாட்பூச்சிகளை நீரிலுள்ள இளம் பருவத்தை மட்டும் கொண்டு இன்னதென்று நிச்சயிக்க இயலாது. இறகு முளைத்த ஆண் பூச்சியும் வேண்டும். இவ்விரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பதற்குச் சான்றும் வேண்டும். ஆகவே இறகின் அரும்பு கறுத்துப் பருவம் முற்றியதைத் தேடிப் பிடித்து, சிறு கூண்டில் ஓடை நீரிலேயே வைத்து, அது மேலெழும் வரை காத்திருக்கவேண்டும். அது எழுவது மாலையிலும் இரவிலும். இரண்டாம் முறை தோலுரிப்பது பெரும்பாலும் மறுநாள். உரிந்த பழைய தோலையும் தவறாமல் சேகரித்தாலன்றிச் சான்று நிறைவு பெறாது. காலையில் மலையேறி, பகல் முழுதும் நீரில் நின்று, இரவில் விளக்கோடு கரையில் உட்கார்ந்து, பின்னர் பல வாரம் பூதக்கண்ணாடியில் கண் நோகப் பார்த்து, கடைசியில் கிடைப்பது ஒரு பூச்சியின் பெயர். "இதனால் என்ன வருமானம்?" என்று வழியிற் போவோர் கேட்பதும், இளைஞர் விடை சொல்லத் தயங்குவதும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் தட்டான்களைப் பற்றி மூன்று பாகமாக 1933 முதல் 1936 வரை பெருநூல் வெளியிட்ட பிரேசர், ராணுவ வைத்தியராக உத்தியோகம் பார்த்துக்கொண்டே அப்பணியைச் செய்தவர். உத்தியோகச் சம்பளத்தை நம்பி ஒருவர் செய்த வேலையை, இன்றைய மாணவர் ஆராய்ச்சிப் படியை மட்டும் நம்பிச் செய்கிறார் என்பதை மறத்தலாகாது.

வருமானம் என்னவென்ற கேள்விக்கு விடை சில வருஷங்களிலேயே கிடைத்தது. பெயர் தெரிந்த பூச்சிக்குத்தான் மதிப்பெண் இட முடியும். காவேரியிலும் அதன் கிளை நதிகளிலும் எந்தெந்தப் பகுதியில் எந்தெந்த நீர்ப்பூச்சிகள் உள்ளன, அவற்றுள் எவை மாசைக் காட்டிக் கொடுக்கும் என்பது பற்றி மத்திய சர்க்காரின் சுற்றுச்சூழல் இலாகாவுக்காகச் சிவராமகிருஷ்ணன் ஆராய்ந்து 1992-இல் அறிக்கை அளித்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் இவ்வழியே சென்றனர். 2007-இல் தினகரன், அன்பழகன் என்னும் இருவர், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலுள்ள ஆறு ஓடைகளில் மனிதர் செய்கைகளால் நீர்ப்பூச்சிகளுக்கு நேரும் மாறுதல்களை ஆராய்ந்து வெளியிட்டனர்.

மதிப்பெண் முறை எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் காட்டலாம். மலையடிவாரத்து ஓடை ஒன்றில் கற்பூச்சி, தட்டை உடலுள்ள ஒருநாட்பூச்சி, குற்றாலத்துப் பூச்சியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருநாட்பூச்சி, தட்டானின் இளம்பூச்சி, வலை கட்டும் கேடிஸ் புழு, நீந்தும் சிறு ஒருநாட்பூச்சி என ஆறு குடும்பங்கள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில முறைப்படி இவற்றுக்கு முறையே 10, 10, 10, 8, 5, 4 மதிப்பெண். கூட்டினால் 47, குடும்பம் ஒன்றுக்குச் சராசரி ஏறக்குறைய 7.8. ஊர்க் கழிவு கலந்த கீழ்ப்பகுதியில் மேற்சொன்ன நீந்தும் ஒருநாட்பூச்சி, நீர்மேல் கால் பரப்பி ஓடும் பூச்சி, சேற்றிலுள்ள செம்புழு, மண்புழு இனத்துச் சிறு நீர்ப்புழு ஆகிய நான்கு மட்டும் கிடைத்தால் 4, 5, 2, 1 என மொத்தம் 12, சராசரி 3. இரண்டு இடங்களிலும் நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம். செம்புழுவின் சிவப்பு நிறத்துக்குக் காரணம், மனித ரத்தத்தில் உள்ளது போன்ற ஒரு பொருள் அதன் உடலில் இருப்பதே. பிராணவாயு மிகக் குறைந்த சேற்றிலும் அதனால் வாழ முடிகிறது. மற்றவை அவ்வாறு வாழ முடியாமல் மடிந்தபின் அது மட்டும் பெருகும்.

பிராணவாயுவின் கணக்கையும் நினைவில் வைக்கவேண்டும். 20 டிகிரி வெப்பமுள்ள நல்ல நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். சித்திரை, வைகாசியில் ஓட்டம் குறைந்து, மர நிழலும் இல்லாமற்போன மடுவில், சிறிதளவு கழிவு விழுந்தாலும் மீன் செத்து மிதப்பது இதனால்தான். கரையிலுள்ள நீர்மருது, புங்கு, நாவல் ஆகியவற்றை வெட்டிப் படுகையை அகலப்படுத்தினால் இரண்டொரு சென்ட் நிலம் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் உதிர்ந்த இலையை அரித்து உண்ணும் பூச்சிகளுக்கு அந்த இலையே ஆகாரம். அப்பூச்சிகள் ஆற்று மீனுக்கு ஆகாரம். நிழல் நீரின் வெப்பத்தைத் தணிப்பது. ஒரு மரத்தோடு இத்தனையும் போகின்றன.

கோமுகிப் பாசனதாரர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது வண்டல் மண்ணையும் பூச்சி மருந்தையும்.

மலைச் சரிவில் மரவள்ளி முதலிய பயிர்களைச் சரிவுக்குக் குறுக்கே வரப்பின்றிச் சாகுபடி செய்து, கிழங்கைத் தோண்டி எடுக்கும்போது மேல்மண் தளர்ந்துபோகிறது. அதன்மேல் விழும் முதல் பெருமழை அம்மண்ணை ஓடைக்குக் கொண்டுவருகிறது. அந்த நுண்மண் கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் படிந்து அவற்றை அடைத்துவிடும். அச்சந்துகளே பூச்சிகளின் வீடு. வீடு அடைபட்டதும் கற்பூச்சியும் தட்டை ஒருநாட்பூச்சியும் முதலில் மறையும். அவை மறைந்த செய்தி மலைக்கு மேல் நடந்த ஏதோ ஒன்று என்று கச்சிராயபாளையத்து மிராசுதார் அலட்சியம் செய்வதற்கில்லை. ஓடையில் தங்காத மண் அணையில்தான் தங்குகிறது. அணையின் அடியில் படியும் ஒவ்வொரு கன அடி மண்ணும், அதில் நிற்கவேண்டிய ஒரு கன அடி நீரை வெளியேற்றுகிறது. மண் படிந்து கொள்ளளவு குறைந்த ஏரிகளைத் தூர் வாரும் செலவு எவ்வளவு என்பதை அலுவலர்கள் அறிவர். பூச்சி மறைந்த சமயத்திலேயே மேட்டில் சம உயர வரப்புகளும் புல் கரைகளும் அமைப்பது, பின்னர் அணையில் தூர் வாருவதைக் காட்டிலும் எவ்வளவோ சுலபம். இதில் மலைவாழ் குடியானவரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. அவர் பயிரிடுவது பிழைப்புக்காக. வரப்பு அமைக்கும் செலவில் கீழே நீரை அனுபவிப்பவர்க்கும் சர்க்காருக்கும் பங்கு உண்டு.

பூச்சி மருந்தின் விஷயத்தில் பழி சமதரைக் குடியானவர்மீதே விழுகிறது. மருந்தடித்து முடிந்ததும் தெளிப்பானை வாய்க்காலிலோ ஆற்று மடுவிலோ அலசுவது எங்கும் காணும் வழக்கம். "ஒரு டம்ளர் தண்ணீர்தானே" என்பர். அதன் கணக்கைப் பார்க்கலாம். மருந்துச் சத்து ஒரு கிராம் இருந்தால், பத்து லட்சம் லிட்டர் நீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் வீதம் கலந்துவிடும். பத்து லட்சம் லிட்டர் என்பது, நூறு அடி நீளமும் நூறு அடி அகலமும் மூன்றரை அடி ஆழமும் உள்ள ஒரு குட்டை நிறைந்த நீர். நெல், பருத்தி முதலியவற்றுக்குப் பெரிதும் உபயோகிக்கப்படும் இமிடாகுளோப்ரிட் என்னும் மருந்து, லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைந்த அளவில் நீடித்திருந்தாலே ஒருநாட்பூச்சிகளின் இளம் பருவத்துக்குக் கேடு செய்வதாக நெதர்லாந்து தேசத்தில் நடந்து 2013-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. சைபர்மெத்ரின் போன்ற மருந்துகளும் நீர்ப்பூச்சிகளுக்கும் மீனுக்கும் மிகக் கொடியவை. இங்கு இறப்பவற்றுள் தட்டானின் இளம்பூச்சியும் ஒன்று. அதுவோ கொசுப் புழுவை நீரிலேயே தின்று, இறகு முளைத்தபின் வயலில் அந்தையும் தத்துப்பூச்சியும் பிடித்துத் தின்பது. கூலியின்றி வேலை செய்யும் ஆளைக் கொன்றுவிட்டு, அவன் செய்த வேலைக்கு மீண்டும் மருந்து வாங்கும் நிலை இது. அலசிய நீரை, மருந்தடித்த அதே வயலின் நடுவில், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தூரமாகத் தெளித்துவிடுவதற்குக் காலணாச் செலவும் இல்லை. கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு டிரைக்கோகிராமா முட்டை ஒட்டுண்ணி அட்டைகளைக் கட்டினால், மருந்தின் தேவையே பெருமளவு குறையும்.

மீன் பிடிக்க நஞ்சு கலப்பது இதனினும் கொடுமை. காட்டுக் காய்களை இடித்து மடுவில் கலக்கும் பழைய வழக்கம் போய், இப்பொழுது பூச்சி மருந்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஊற்றும் துணிவு சிலருக்கு வந்திருக்கிறது. 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டம், மீன் பிடிக்க நீரில் நஞ்சு கலப்பதையும் வெடி வைப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. கழிவுநீர் பற்றி 1974-ஆம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தும், புகார் எழுதும்போது கிராமத்தாரிடம் சான்று இருப்பதில்லை. "தண்ணீர் நாறுகிறது" என்று எழுதிய மனுவுக்கு, சோதனைக்கு வந்த நாளில் நாறவில்லை என்ற பதில் வருவது வழக்கம். மேலே பத்துக் குடும்பங்களும் கீழே மூன்று குடும்பங்களும் இருப்பதாக, இடமும் தேதியும் குறித்து, வருஷத்தில் இரண்டு முறை எழுதி வைத்த ஏடு ஒன்று கிராம நிர்வாக அலுவலரிடமோ பாசன சங்கத்திடமோ இருந்தால், அதனை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட இயலாது.

பூச்சிகள் மறைந்தால் மறைந்ததுதான் என்று மனம் தளர வேண்டியதில்லை. வட அமெரிக்காவில் ஏரி என்னும் பெயருடைய பேரேரியின் மேற்குப் பகுதியில், கோடைதோறும் கரையோர வீதிகளில் குவியல் குவியலாக விழுந்துகொண்டிருந்த ஒருநாட்பூச்சிகள், 1953-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அடிநீரில் பிராணவாயு அற்றுப் பெருவாரியாக மடிந்தன. சுற்றிலுமுள்ள நகரங்களின் கழிவும் வயல்களின் உரமும் ஏரியை அந்நிலைக்குக் கொண்டுவந்திருந்தன. அதன்பின் சுமார் நாற்பது வருஷம் அப்பூச்சி அங்கே அரிதாகவே இருந்தது. 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் உடன்படிக்கை செய்துகொண்டு, ஏரியில் விழும் பாஸ்பரஸைக் குறைத்தன. 1990-களின் தொடக்கத்தில் அவை திரும்பி வந்தன. இப்பொழுது அவை எழும் இரவுகளில், மேகத்தைக் கண்டறியும் ரேடார் கருவியிலும் அவற்றின் கூட்டம் தெரிகிறது. வீதியை வழுக்கலாக்குகின்றன என்று குறை சொல்வாரும் உண்டாம். நாற்பது வருஷம் இல்லாதிருந்து திரும்பி வந்ததைப் பற்றிய குறை அது.

கோமுகியில் இவ்வாறு பார்க்க விரும்பும் இளைஞர், பள்ளி ஆசிரியர், அலுவலர் ஆகியோருக்கு அதிக உபகரணம் வேண்டியதில்லை. கொசு வலைத் துணியை மூங்கில் சட்டத்தில் தைத்த ஒரு வலை, வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று போதும். ஓட்டத்துக்கு எதிராக வலையைப் பிடித்து, அதற்கு முன்னால் உள்ள கற்களைக் காலால் இரண்டு நிமிஷம் கிளறினால், கலைந்த பூச்சிகள் வலைக்குள் வந்து விழும். தட்டில் கொட்டிக் குடும்பங்களை எண்ணியபின் அவற்றை ஆற்றிலேயே விட்டுவிடலாம். அணைக்கு மேலே ஓடையில் ஓர் இடம், அணைக்குக் கீழே ஓர் இடம், ஊருக்கு மேலே ஒன்று, ஊருக்குக் கீழே ஒன்று எனக் குறைந்தது நான்கு இடங்களைக் குறித்துக்கொண்டு, எப்பொழுதும் அதே இடங்களிலேயே பார்க்கவேண்டும். ஒருமுறை மட்டும் பார்த்து முடிவு கட்டுவது தவறு.

அவசர முடிவுக்கு இடம் கொடுக்கக்கூடிய சூழ்நிலைகள் பல. வெள்ளம் வடிந்த சில நாட்களில் நல்ல ஓடையிலும் பூச்சி குறைவாகவே இருக்கும். அதைக் கொண்டு நீரைப் பழிக்கலாகாது. ஆறு வற்றிய மாதங்களில் சில இனங்கள் முட்டையாகவும், சில மணலுக்கு அடியிலுள்ள ஈரத்திலும் ஒளிந்து காலம் கழிக்கும். அணையின் அடி மதகிலிருந்து வரும் நீர் மேல்நீரைவிடக் குளிர்ந்தும் பிராணவாயு குறைந்தும் இருப்பது உண்டு. மதகுக்கு அருகே பூச்சி குறைவதற்கு அதுவே காரணமாயிருக்கலாம். சேற்றுப் பாங்கான கீழ் ஆற்றில் மலையோடையின் கற்பூச்சியைத் தேடுவதும் வீண். ஒரே மாதிரியான படுகையை ஒரே மாதிரியான படுகையோடுதான் ஒப்பிடவேண்டும். இங்கிலாந்து மதிப்பெண்ணை இந்த நாட்டு ஆற்றில் அப்படியே சுமத்துவதும் பொருந்தாது. இனம் காண்பதில் சந்தேகம் ஏற்பட்டால், சில பூச்சிகளைச் சாராயச் சத்தில் இட்டு, இடமும் தேதியும் பென்சிலால் எழுதிய காகிதத் துண்டைச் சீசாவுக்குள்ளேயே போட்டு, அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறைக்கு அனுப்பலாம். மையால் எழுதினால் கரைந்துவிடும்.

கல்வராயன் மலையில் வடகிழக்குப் பருவ மழை ஓய்ந்து, வெள்ளம் வடிந்து, ஓடைகள் தெளிந்து ஓடும் தை மாதம் முதல் தடவை பார்ப்பதற்குத் தகுந்தது. இரண்டாம் தடவை பங்குனியில், ஓட்டம் நிற்பதற்கு முன். வெள்ளிமலைச் சாலையை ஒட்டிய ஓடைகளில் வனத்துறையின் அனுமதி பெற்றே இறங்கவேண்டும். திருப்பிப் பார்த்த கல்லை, எடுத்த இடத்தில், எடுத்த முகமாகவே திரும்ப வைத்தல் வேண்டும். அதன் அடிப்புறத்தில் அடுத்த தலைமுறையின் முட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.